வயலில் வைக்கும் தீயும் பக்கவாதமும்

கரும்பு வெட்டி முடிந்து கடைசி லாரி வயலை விட்டுக் கிளம்பிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சோகைக்குத் தீ வைத்துவிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. கேட்டால் காரணங்கள் தயாராக இருக்கும். மறுதாம்புக்குக் கட்டை சீவ வேண்டும், சோகை கிடந்தால் மண்வெட்டி இறங்காது, எலியும் பாம்பும் அடையும், தண்ணீர் ஓடாது, அள்ளிப்போட ஆள் கிடைக்காது. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஒரு தீக்குச்சியில் முடிகிற வேலைக்கு நான்கு ஆள் கூலி கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

தீ வைத்தால் மண்புழு சாகும், நுண்ணுயிர் அழியும், சத்து போகும் என்று வேளாண் துறையும் இதுபோன்ற பக்கங்களும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நீங்களும் தலையாட்டிவிட்டு, சமயம் வரும்போது தீ வைக்கிறீர்கள். அதனால் இந்த வாரம் மண்ணைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். தீ வைத்துவிட்டு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரைப் பற்றிப் பேசுகிறேன். குறிப்பாக அவருடைய மூளையைப் பற்றி.

புகை என்றால் இருமல், இளைப்பு, ஆஸ்துமா என்றுதான் நமக்குத் தோன்றும். பக்கவாதம் என்றால் பிரஷர், சர்க்கரை, பீடி, குடி என்று தோன்றும். "கை கால் விழுந்துபோச்சு" என்று ஒரு வீட்டிலிருந்து சேதி வரும்போது, அந்த வீட்டு அடுப்பையோ பக்கத்து வயல் தீயையோ யாரும் நினைப்பதில்லை. ஆனால் மருத்துவ உலகம் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாக இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. உலக நாடுகளின் நோய்ச்சுமையைக் கணக்கிடும் ஆய்வாளர்கள் 2021-ம் ஆண்டுக்கான பக்கவாதக் கணக்கை வெளியிட்டார்கள். அந்த ஓராண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்திருக்கிறது. 73 லட்சம் பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். காரணங்களில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. அதில் வியப்பில்லை. ஆனால் முதல் ஐந்து காரணங்களில் இரண்டு காற்று சம்பந்தப்பட்டவை. வெளிக்காற்றில் உள்ள நுண்துகள் ஒன்று; பக்கவாதச் சுமையில் சுமார் 17 சதவீதத்துக்கு அது காரணம். வீட்டுக்குள் விறகு, வறட்டி, கரி எரிப்பதால் வரும் புகை மற்றொன்று. அதன் பங்கு சுமார் 11 சதவீதம். பீடி, சிகரெட்டின் பங்கு 14 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வெளிக்காற்றின் துகள் பீடியைவிட மேலே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நெஞ்சுக்குள் போகிற புகை தலைக்கு எப்படி ஏறுகிறது? புகையில் இருக்கும் துகள்கள் எல்லாம் ஒரே அளவு அல்ல. கண்ணில் விழுந்து உறுத்துகிற கரித்தூள் பெரியது. மூக்குமுடியும் சளியும் அதைப் பிடித்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது. 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள் அது. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் என்றால், அந்தத் துகள் எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது மூக்கில் நிற்காது, தொண்டையில் நிற்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் ஒட்டிக்கொள்ளும். உடல் அதை எதிரியாகப் பார்த்துச் சண்டைக்குத் தயாராகிறது. அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் பரவுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் கெடுகிறது, குழாய் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. துகள்களில் மிகமிகச் சிறியவை நேரடியாகவே ரத்தத்தில் கலக்கின்றன. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து குறுகிப்போன குழாய் இருக்கும் ஒருவருக்கு, இத்தனையும் ஒன்றுசேரும் நாளில் ஒரு கட்டி போய் மூளைக் குழாயை அடைத்தால் அது அடைப்புப் பக்கவாதம். அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தால் ரத்தக்கசிவுப் பக்கவாதம்.

தீயின் அருகே நிற்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அரைகுறையாக எரியும் ஈரச் சோகையும் தாளும் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும். அது ரத்தத்தின் சிவப்பணுவோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும் வாயு. மூளைக்குப் போகவேண்டிய பிராணவாயு அந்த அளவுக்குக் குறையும். தீ வைத்த அன்று மாலை தலைவலி, கிறுகிறுப்பு என்று படுப்பவர்கள் பலர். "வெயில்ல நின்னது" என்று வெயில் மேல் பழியைப் போடுகிறோம்.

இதெல்லாம் முப்பது வருடம் புகை குடித்தால்தானே என்று நினைக்க வேண்டாம். நாள்பட்ட பாதிப்பு ஒரு பக்கம். காற்று கெட்ட அதே நாளிலும் அடுத்த ஓரிரு நாள்களிலும் பக்கவாதத்துக்காக மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை கூடுகிறது என்பது இன்னொரு பக்கம். 28 நாடுகளின் 62 லட்சம் பக்கவாத நிகழ்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பக்கவாதச் சேர்க்கையும் இறப்பும் ஒரு சதவீத அளவுக்குக் கூடுகின்றன.

ஒரு சதவீதம்தானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திடகாத்திரமான 30 வயது இளைஞர் ஒருவருக்கு ஒருநாள் புகையால் கூடும் ஆபத்து மிகச் சிறியது. "எங்க தாத்தா விறகடுப்புப் புகையிலேயே பிறந்து வளர்ந்து 90 வயசு வரைக்கும் ஏர் ஓட்டினார்" என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவரோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் 60-ஐத் தாண்டவில்லை என்பதையும் கேட்டுப் பாருங்கள் என்பேன். தவிர, புகை 10 மைக்ரோகிராமோடு நிற்பதில்லை. அது ஒரே ஒரு ஆளின் மூக்குக்குள் மட்டும் போவதும் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் 3 கிலோ துகள் காற்றில் கலக்கும் என்பது வேளாண் விஞ்ஞானிகள் பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு. அதில் பெரும்பகுதி நுண்துகள்தான். ஒரு ஏக்கர் நெல் தாளும் வைக்கோலும் 2 டன் என்று வைத்துக்கொண்டால் 6 கிலோ. நம் நாட்டு விதிப்படி ஒரு நாளுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் வரை இருக்கலாம். (உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 15-தான், அதை விடுங்கள்.) 6 கிலோ துகளை 60 மைக்ரோகிராம் வீதம் பிரித்துக்கொடுத்தால் 10 கோடி கனமீட்டர் காற்றுக்கு வரும். அதாவது ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், 100 மீட்டர் உயரம். நான்கு தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம் வரை, ஒரு ஊரும் அதன் வயல்களும் அடங்கும் இடத்துக் காற்றை, அரசு வகுத்த எல்லை வரை நிரப்ப ஒரே ஒரு ஏக்கர் போதும். அன்று அந்தப் பக்கம் இருபது ஏக்கர் எரிந்தால்?

காற்றடித்தால் கலைந்து போகும் என்பது உண்மை. ஆனால் நம் அறுவடைக் காலம் எது? மார்கழி, தை, மாசியில் காற்று அசையாது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே படிந்துவிடும். மாலையில் வைத்த தீயின் புகை மேலே போகாமல், விடியும் வரை பனியோடு சேர்ந்து தெருவுக்குள் தங்கும். அந்த நேரத்தில்தான் திண்ணையில் பெரியவர்கள் படுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள் அவர்கள்தான்.

காற்று மாசு என்பது டெல்லி விவகாரம், நமக்கு என்ன என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டெல்லிக் காற்றை அளக்கக் கருவி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. நம் ஊரில் அளப்பார் இல்லை, அவ்வளவுதான். கிராமத்து ஆள் ஒரு நாளில் எத்தனை புகை குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வெந்நீர் அடுப்பு. பிறகு சமையல். அறுவடைக் காலமானால் களத்துத் தூசி. வெல்லம் காய்ச்சுகிற ஊரானால் கொப்பரைக்குப் பக்கத்தில் சக்கைப் புகை. மாலையில் மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம். இரவில் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று அளந்து சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. இதற்கு மேல்தான் வயல் தீ. மூட்டம் இயற்கையானது, வேப்பிலைப் புகை மருந்து என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வேம்பானாலும் வேலிக்கருவையானாலும் எரிந்தால் வருவது அதே நுண்துகள்தான்.

இதில் அதிகம் அடிபடுவது பெண்கள். வீட்டுப் புகையால் 2020-ல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 23 சதவீதம் பக்கவாத இறப்புகள். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு எரிவாயு இல்லாத வீடு குறைந்துவிட்டது என்பது சரி. ஆனால் எத்தனை வீடுகளில் சிலிண்டர் காபிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் பயன்பட்டு, சோறும் வெந்நீரும் மாட்டுத் தவிடும் விறகில் கொதிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களையும் சேர்த்து நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தந்தார்கள். அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தவர்களுக்கு 71. குழந்தையின் பிறப்பு எடையில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு நேர்மையாகச் சொன்னது. ஆனாலும் அடுப்பை மாற்றினால் மூச்சில் போகும் துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது நம் மாவட்டங்களிலும் அளந்து பார்த்த விஷயம். நான்கைந்து மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயுக் கலனைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். நாளுக்கு 50 கிலோ சாணம் இருந்தால் 2 கனமீட்டர் கலன் ஓடும், கழிவுச் சாணக்கரைசல் வயலுக்கு ஆகும்.

சரி, சோகைக்கு வருவோம். தீ வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. மாற்று வேலை செய்ய வேண்டும்.

ஏக்கருக்கு 3 முதல் 4 டன் சோகை கிடக்கும். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரித்துச் சாலில் போட்டுவிட்டால், வெட்டும்போது கிடக்கும் குவியல் பாதியாகக் குறையும். வெட்டிய பிறகு, ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையை ஒதுக்கினால் கட்டை சீவ இடம் கிடைக்கும், பாசனமும் நடக்கும். மேலே ஈரம் காக்கும், களை அடங்கும். அது மட்கத் தொடங்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை முதலில் தானே எடுத்துக்கொள்ளும். மறுதாம்பு வெளுத்துப் போவது இதனால்தான். "மூடாக்குப் போட்டேன், கரும்பு மஞ்சளடிச்சுப் போச்சு" என்று கைவிட்டவர்கள் பலர். முதல் உரத்தோடு யூரியாவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைப்படி விரிவாக்க மையத்தில் கேளுங்கள். டிராக்டரில் ஓடும் சோகை தூளாக்கும் கருவி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். தோட்டத்தின் ஓரத்தில் குவித்து மட்க வைப்பவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரை டன்னுக்கு 2 கிலோ கலந்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நெல்லில், அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வரிசையாக வயலிலேயே விழுகிறது. கட்டும் இயந்திரம் வரும் ஊர்களில் அதற்கு விலையே கிடைக்கிறது. வராத ஊர்களில், மழையில் நனைந்து கறுத்த வைக்கோலுக்குத் தீதான் முடிவாகிறது. "சாம்பலும் சத்துதானே" என்று கேட்பவர்களுக்கு: சாம்பல் சத்தில் பெரும்பகுதி கேட்டு தங்கும், உண்மை. ஆனால் தழைச்சத்து முழுதும் புகையோடு போய்விடும். டன்னுக்கு ஐந்தரைக் கிலோ வீதம் 2 டன்னில் 11 கிலோ. கடையில் வாங்கினால் அரை மூட்டை யூரியா. கந்தகத்தில் பெரும்பங்கும் அதோடு போகும்.

இதையெல்லாம் செய்யக் காசு வேண்டும், ஆள் வேண்டும், கருவி வேண்டும். என் கருத்து இதுதான்: தீ வைக்கும் விவசாயியை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது முறையல்ல. கரும்பை எப்போது வெட்ட வேண்டும், எந்த லாரியில் ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் ஆலை தீர்மானிக்கிறது. வெட்டு உத்தரவு தரும் ஆலை, சோகை தூளாக்கும் கருவியையும் வெட்டு ஆட்களோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அதன் வாடகையை விவசாயி தலையில் முழுதும் கட்டக் கூடாது. வேளாண் பொறியியல் துறையின் வாடகைக் கருவிகள் இருக்கின்றன, உழவன் செயலியில் பதிவும் செய்யலாம். ஆனால் அறுவடை எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் நடக்கும்போது, வட்டாரத்துக்கு ஓரிரு கருவி இருந்து யாருக்குப் போதும்? மூன்று வாரம் காத்திருந்து கருவி பிடிப்பவர் எத்தனை பேர்? இந்தக் கணக்கை ஆலையும் துறையும்தான் போட வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். செயல்விளக்கக் கூட்டத்தில் மண்ணின் கரிமச்சத்தைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விடுகிற விவசாயி, "இந்தப் புகை பிரஷரை ஏத்தும்" என்றால் நிமிர்ந்து உட்காருவார். வட்டாரச் சுகாதாரப் பணியாளரை ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறது. ஆனால் பகலில் வயலில் இருக்கும் ஆண்களை வீட்டில் பிடிக்க முடிவதில்லை. உங்கள் கூட்டத்துக்கு அவர்கள் வருகிறார்கள். அங்கேயே அளந்துவிடலாம். புகையின் ஆபத்து ரத்த அழுத்தத்தின் மேல் ஏறி நிற்கும் ஆபத்து. அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாத்திரை சாப்பிடுகிறவரை, கூலிக்கானாலும், எரிக்கும் வேலைக்கு அனுப்பாதீர்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் சொல்லுங்கள்: துண்டு கரித்தூளைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 முகக்கவசம் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வீட்டில் பக்கவாதம் வரத்தான் செய்யும். அப்போது செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று மட்டும் இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. சோடா, காபி, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் புரையேறும். வீட்டிலிருக்கும் பிரஷர் மாத்திரையையோ ஆஸ்பிரினையோ நீங்களாகத் தரக் கூடாது. வந்திருப்பது ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். புறா ரத்தம் தடவ, எண்ணெய் நீவ ஆள் தேடிப் போகும் நேரம்தான் மிகக் கொடியது. அடைப்பு வகையென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன. அடைப்பா கசிவா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும். ஆகவே பக்கத்து ஊர் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல், ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" நம் ஊர்களில் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. இரவு மின்சாரத்துக்கு மோட்டார் போடப் போனவரைக் காலையில்தான் வரப்பில் பார்க்கிறார்கள். எந்த மணிக்கு விழுந்தார் என்று தெரியாததால் ஊசி போடுவதா வேண்டாமா என்ற முடிவே சிக்கலாகிறது. 50 வயதைத் தாண்டியவர் இரவில் வயலுக்குப் போகும்போது கைபேசி கையில் இருக்கட்டும். மோட்டார் போட்டதும் வீட்டுக்கு ஒரு அழைப்பு, திரும்பும்போது ஒரு அழைப்பு. வீட்டில் இருப்பவர் அந்த நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.